நீலச் சுடரின் கணக்கு

வீட்டுக்கு வரும் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. அது முழுதும் எரிந்து தீர ஏறக்குறைய 220 கிலோ காற்று வேண்டும். சிலிண்டரைத் தோளில் சுமந்து மாடியேறி வருபவர் இந்தக் காற்றைச் சுமப்பதில்லை. ரசீதிலும் அதற்கு விலை இல்லை. பத்தடிக்குப் பத்தடி சமையலறை, உயரமும் பத்தடி என்று வைத்துக்கொண்டால், அப்படி ஏழு சமையலறைகளைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும் காற்று அது. சன்னலிலும் கதவிடுக்கிலும் நுழைந்து வரும் அந்தக் காற்றை அடுப்பு தானாகவே வாங்கிக்கொள்கிறது. நாம் அதைக் கவனிப்பதே இல்லை.

கவனிக்காததற்குக் காரணம் உண்டு. அடுப்பின் முன்பக்கம் நம் கைக்கு எட்டுகிற குமிழ் கேஸைத்தான் கூட்டும், குறைக்கும். காற்றுக்கென்று அங்கே குமிழ் கிடையாது. அதனால் தீ சரியாக எரியாவிட்டால் உடனே கேஸைச் சந்தேகிக்கிறோம். "இந்த சிலிண்டரே சரியில்ல, மாத்திக் குடுக்கச் சொல்லணும்" என்கிறோம். பெரும்பாலான நேரங்களில் கேஸ் மேல் குற்றமில்லை. சுடர் என்ன நிறத்தில் எரிகிறது, எவ்வளவு உயரம் எழுகிறது, எங்கே உட்கார்ந்திருக்கிறது, என்ன ஓசை போடுகிறது என்பதெல்லாம் காற்றைப் பற்றிய சேதிகள். அவற்றைப் படிக்கத் தெரிந்தால், தீயைச் சரிசெய்வது கண்ணால் பார்த்துச் செய்யும் எளிய வேலை.

அடுப்பை ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தால் காற்று உள்ளே வரும் வழி தெரியும். குமிழுக்குப் பின்னால் ஒரு வால்வு. வால்வின் மூக்கில் பித்தளையில் ஒரு சிறு திருகு. ரிப்பேர்க்காரர்கள் அதை ஜெட் என்பார்கள், சிலர் நாசில் என்பார்கள். அதன் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. ஜெட்டுக்கு எதிரே பர்னருக்குப் போகும் குழாயின் அகன்ற வாய். ஜெட்டுக்கும் அந்த வாய்க்கும் நடுவே பளிச்சென்று தெரியும்படி திறப்பு இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். இவ்வளவு பெரிய திறப்பு இருந்தால் கேஸ் வெளியே கசியாதா?

கசியாது. ரெகுலேட்டர் கேஸின் அழுத்தத்தை வெகுவாக இறக்கித்தான் அனுப்புகிறது. ஜெட்டுக்கு வரும்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம்தான் அதிகம். 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தன் அடியில் தரும் அழுத்தம் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன அழுத்தம், அந்தச் சின்னத் துளை வழியே கேஸை விநாடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் பாய்ச்சுகிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் பேருந்து ஓரத்தில் கிடக்கும் சருகுகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போவதுபோல, பாய்ந்து போகும் கேஸ் தன்னைச் சுற்றியுள்ள காற்றை இழுத்துக்கொண்டு குழாய்க்குள் நுழைகிறது. அந்தத் திறப்பு வழியாகக் காற்று உள்ளே போகிறதே தவிர, கேஸ் வெளியே வருவதில்லை.

இந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. மோட்டார் இல்லை, விசிறி இல்லை, அளந்து கொடுக்கும் கருவி இல்லை. கேஸைக் கூட்டினால் அது இழுக்கும் காற்றும் கூடும். குறைத்தால் காற்றும் குறையும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் பெரிதாக மாறாது. அதனால்தான் ஒரே குமிழைத் திருப்பி, வெந்நீருக்கு வேண்டிய பெருந்தீயையும் பால் காய்ச்ச வேண்டிய சிறுதீயையும் அதே நீல நிறத்தில் நம்மால் வரவழைக்க முடிகிறது.

இப்படிக் காற்றைக் கலந்துகொண்டு எரியும் பர்னர் 1855-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் புன்சனுக்குப் புது ஆய்வகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் அப்போது நிலக்கரி வாயு வந்திருந்தது. அந்தக் காலத்தில் வாயுவின் முதல் வேலை விளக்கு எரிப்பது. ஆகவே சுடர் மஞ்சளாகப் பளபளக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் விரும்பினார்கள். புன்சனுக்கு வேண்டியதோ நேர்மாறானது: வெளிச்சமே இல்லாத, கரி படியாத, மிகச் சூடான சுடர். வாயு எரிவதற்கு முன்பே அதைக் காற்றோடு கலந்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். பல்கலைக்கழகத்தின் கருவி வினைஞர் பீட்டர் டெசாகா அதைச் செய்து கொடுத்தார். அடியில் வாயு பாயும் சிறு துளை, பக்கத்தில் காற்று நுழையும் திறப்பு, மேலே நிற்கும் குழாய். புன்சன் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. பள்ளி ஆய்வகத்தில் நாம் பார்த்த புன்சன் பர்னரைப் படுக்கப்போட்டு, குழாயை வளைத்து, வாயில் பல துளைகள் கொண்ட மூடியை வைத்தால் அதுதான் வீட்டு கேஸ் அடுப்பு.

கலவைக் குழாய்க்குள் கேஸ் இழுத்து வருவது தேவையான காற்று முழுவதும் அல்ல. கொள்ளளவில் ஒரு பங்கு புரொப்பேன் எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 பங்கு. நம் சிலிண்டரில் இருப்பது இவ்விரண்டின் கலவை. வேண்டிய காற்றில் ஏறத்தாழ பாதியைத்தான் ஜெட் இழுத்து வருகிறது. அதை முதல் காற்று என்று வைத்துக்கொள்வோம். மீதி, பர்னர் துளைக்கு வெளியே, சுற்றியிருக்கும் சமையலறைக் காற்றிலிருந்து சுடருக்குக் கிடைக்கிறது. அது இரண்டாம் காற்று.

சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, பாத்திரம் எதையும் ஏற்றாமல், அடுப்பின் மட்டத்துக்குக் குனிந்து சுடரைப் பார்த்தால் இரண்டு காற்றும் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு துளையின் மேலும் கூர்மையான, பச்சை கலந்த நீலத்தில் ஒரு சிறு கூம்பு நிற்கும். அதைப் போர்த்தியபடி, வெளிறிய ஊதா நீலத்தில், ஓரம் தெளிவில்லாத ஒரு வெளிச்சுடர் இருக்கும். கூம்பின் பரப்பில் கேஸ் முதல் காற்றோடு எரிகிறது. காற்று பாதியே என்பதால் அந்த எரிதல் முழுமையாவதில்லை. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் மிச்சமாக வெளியேறுகின்றன. அவை வெளிச்சுடரில் இரண்டாம் காற்றைச் சந்தித்துக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. ஒரே தீயில் இரண்டு தீ. மிகுந்த சூடு உட்கூம்பின் நுனிக்குச் சற்று மேலே.

அந்த நீலம் சூட்டின் நிறம் அல்ல. இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு வெளுக்கும். அது சூட்டினால் வரும் நிறம். கேஸ் சுடரின் நீலம் வேறு வகை. எரியும்போது மூலக்கூறுகள் உடைந்து, கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகச் சிறிய பொழுதுக்கு, இரண்டு கார்பன் அணு மட்டும் சேர்ந்த துண்டுகளும் ஒரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டுகளும் உண்டாகின்றன. பிறக்கும்போதே கிளர்ந்த நிலையில் பிறக்கும் அவை, தம்மிடமுள்ள மிகை ஆற்றலைக் குறிப்பிட்ட நிறங்களில் உமிழ்கின்றன: முதல் வகை பச்சையிலும் நீலத்திலும், இரண்டாம் வகை ஊதா நீலத்திலும். உட்கூம்பில் பச்சைச் சாயல் தெரிவது அந்த இரட்டைக் கார்பனால்தான். ஸ்காட்லாந்தின் வில்லியம் ஸ்வான் 1850-களில் இந்த ஒளிப்பட்டைகளை ஆராய்ந்ததால் அவை ஸ்வான் பட்டைகள் எனப்படுகின்றன.

முதல் காற்று குறையும்போது நிலைமை மாறுகிறது. எரிய ஆக்சிஜன் கிடைக்காத கார்பன் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வளர்ந்து, நுண்ணிய கரித் துகள்கள் ஆகின்றன. ஆயிரம் டிகிரிக்கும் மேலான சூட்டில் அந்தத் துகள்கள் தகதகக்கின்றன. சுடரின் மஞ்சள் அதுதான். குத்துவிளக்கும் மெழுகுவர்த்தியும் வெளிச்சம் தருவது இந்தக் கரியினால்தான். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்காக நிகழ்த்திய மெழுகுவர்த்தி உரைகளில் இதை விரிவாக விளக்கிக் காட்டினார். விளக்குக்குக் கரி வரம். அடுப்புக்கு அதே கரி நட்டம்: எரியாமல் போன கார்பன் பாத்திரத்தின் அடியில் கருப்பாக அப்பிக்கொள்கிறது, அதனோடு கார்பன் மோனாக்சைடும் கூடுதலாக அறைக்குள் வருகிறது.

ஆனால் மஞ்சள் தெரிந்தவுடன் ரிப்பேருக்கு ஆள் தேட வேண்டியதில்லை. கேஸ் அடுப்பில் இரண்டு விதமான மஞ்சள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். சோறு பொங்கி வழிந்து கஞ்சி தீயில் விழும்போது, ரசத்தின் துளி தெறிக்கும்போது, சுடர் பளீரென்று ஆரஞ்சு மஞ்சளாக மின்னி அடங்கும். அது உப்பிலுள்ள சோடியம். அடுப்புக்குப் பக்கத்தில் தரையைக் கூட்டினாலும் தூசியிலுள்ள உப்பால் சுடரில் பொறிப்பொறியாக மஞ்சள் தோன்றும். புன்சனும் அவருடைய நண்பர் குஸ்தாவ் கிர்க்காஃபும் இதைத்தான் அறிவியலாக மாற்றினார்கள். வெளிச்சமற்ற அந்த நீலச் சுடரில் எதைத் தூவினாலும் அதன் நிறம் தனித்துத் தெரிந்தது. அறையின் மூலையில் சில மில்லிகிராம் சோடியம் உப்பை வெடித்துப் பரவவிட்டு, தூரத்திலிருந்த சுடரை நிறமாலைமானி வழியே பார்த்தார்கள். மில்லிகிராமில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு சோடியம்கூடத் தெரிந்துவிடுகிறது என்று கணக்கிட்டார்கள். அதே முறையில் 1860-இல் சீசியத்தையும் 1861-இல் ருபிடியத்தையும் கண்டுபிடித்தார்கள். ரசம் வழிந்தபோது நம் அடுப்பில் மின்னுவது, தனிமங்களைத் தேடிப் பிடிக்க உதவிய அதே நிகழ்வுதான்.

இரண்டு மஞ்சளையும் பிரித்தறிவது எளிது. சோடிய மஞ்சள் வந்து போகும், சுடர் முழுவதும் தெறிக்கும், கரி படியாது. கரியின் மஞ்சள் நிலையாக நிற்கும், சுடரின் நுனியில் நாக்குப்போல நீளும். சந்தேகமாக இருந்தால் பழைய எவர்சில்வர் கரண்டி ஒன்றை இடுக்கியால் பிடித்து, அதன் முதுகை மஞ்சள் நுனியில் சில விநாடி காட்டினால் போதும். கருத்தால் காற்றுக் குறை. பளபளப்பு அப்படியே இருந்தால் உப்போ தூசியோ, தானாக அடங்கிவிடும்.

காற்று ஏன் குறைகிறது? முதலில் பார்க்க வேண்டியது பர்னர் மூடி. பித்தளை மூடி தன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் ஒருபக்கம் சாய்ந்திருந்தாலே சுடர் கோணும். அடுத்தது மூடியின் துளைகள். பால் பொங்கி வழிந்து துளைகள் அடைபட்டால், கலவை வெளியேறும் வழி குறுகி, குழாய்க்குள் சற்றே அழுத்தம் தேங்கும். காற்றை இழுக்கும் வேகம் குறையும். பால் வழிந்த மறுநாள் முதல் தீ மஞ்சளாவதற்கு இதுதான் காரணம். மூடியைக் கழற்றி வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, துளைகளைக் குத்தித் துலக்கி, நன்றாகக் காயவைத்துப் பொருத்தினால் சரியாகிவிடும். ஈரத்தோடு வைத்தால் சில துளைகளில் தீயே பிடிக்காது.

மூன்றாவது, குழாய்க்குள் குடியேறுபவர்கள். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டிவைத்துத் திரும்பி வந்தால், நன்றாக எரிந்த அடுப்பு மஞ்சளாகப் புகைவதுண்டு. காற்று நுழையும் அந்தத் திறப்பு, சிலந்திக்கும் கரப்பான் குஞ்சுக்கும் நல்ல வாசல். மெல்லிய ஒரு வலை போதும், காற்றின் வழியை மறித்துவிடும்.

நான்காவதுதான் ஆபத்தானது: ஜெட்டின் துளை. அடைப்பு என்று நினைத்து ஊசியையும் பின்னையும் விட்டுக் குடைபவர்கள் இருக்கிறார்கள். பித்தளை மெத்தென்ற உலோகம். எஃகு ஊசி அதன் துளையை அகலப்படுத்திவிடும், வட்டத்தையும் சிதைத்துவிடும். துளையின் விட்டம் 10 சதவீதம் கூடினால் வெளிவரும் கேஸ் 21 சதவீதம் கூடுகிறது. திறப்பின் அளவு அப்படியே இருப்பதால் காற்று அதே விகிதத்தில் கூடுவதில்லை. அதன் பின் எவ்வளவு துலக்கினாலும் மஞ்சள் போகாது, ஜெட்டையே மாற்ற வேண்டியதுதான். மூடியின் துளையைக் குத்தலாம், ஜெட்டின் துளையைக் குத்தக் கூடாது. அனுபவமுள்ள ரிப்பேர்க்காரர் ஜெட்டைக் கழற்றி ஊதிப் பார்ப்பார், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளையின் வட்டத்தைப் பார்ப்பார். ஊசியைத் தொட மாட்டார்.

இனி சுடர் எங்கே உட்கார்கிறது என்ற விஷயம். இதுதான் இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

காற்றோடு கலந்த கேஸ் தீப்பற்றினால், தீ அந்தக் கலவைக்குள் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பரவும். புரொப்பேனும் காற்றும் சரியான அளவில் கலந்திருந்தால் அந்த எரிவேகம் விநாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர். கேஸ் மிகுந்த கலவையில் இன்னும் குறைவு. பர்னர் துளை வழியே கலவை மேல்நோக்கி வருகிறது. தீயோ கலவையை எரித்தபடி கீழ்நோக்கி இறங்கப் பார்க்கிறது. கலவை வரும் வேகம் எரிவேகத்தைவிட அதிகமாக இருப்பதால் தீ தட்டையாக நிற்க முடியாது, சாய்ந்து கூம்பாகிறது. சாய்வான பரப்பில் அதே எரிவேகம் போதுமானதாகிவிடுகிறது. குமிழைத் திறக்கத் திறக்கக் கூம்பு ஒடுங்கி உயரும். மூட மூடக் குட்டையாகும். சுடரின் கூர்மை ஒரு வேகமானி. துளையின் விளிம்பில் மட்டும் கலவை உரசி மெதுவாக வருகிறது. அங்கேதான் தீ காலூன்றிக்கொள்கிறது.

கலவை மிக வேகமாக வந்தாலோ, அதில் காற்று மிகையாகி எரிவேகம் குறைந்துபோனாலோ தீயால் அந்த விளிம்பைப் பிடித்துக்கொள்ள முடியாது. துளையிலிருந்து எழும்பி, இடையில் ஒரு வெற்றிடம் விட்டு, உஸ்ஸென்று இரைந்தபடி மிதக்கும். சில சமயம் ஒரு பக்கம் அணைந்தே போகும். அணைந்த பக்கத்தில் எரியாத கேஸ் வெளியேறும் என்பதால் இதைச் சும்மா விடக் கூடாது. காற்றுத் திறப்பு மிகவும் அகலமாக இருக்கிறது, அல்லது பாதித் துளைகள் அடைபட்டு மீதித் துளைகளில் கலவை நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது என்று பொருள்.

நேரெதிரான கோளாறு, கலவை மிக மெதுவாக வரும்போது தீ துளைக்குள் இறங்குவது. அடுப்பை அணைக்கும்போது சில பர்னர்களில் "டப்" என்று ஒரு சத்தம் கேட்குமே, அது இதுதான். குமிழை மூடியதும் கலவையின் வேகம் எரிவேகத்துக்குக் கீழே இறங்குகிறது. எஞ்சியிருக்கும் கலவைக்குள் தீ ஓடி ஒரு சிறு வெடிப்போடு முடிகிறது. அணைக்கும்போது எப்போதாவது கேட்டால் கவலையில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது கேட்டால், தீ உள்ளே ஜெட்டின் முனையில் போய் நின்று எரியக்கூடும். குழாய் சுடும், சத்தம் மாறும். உடனே குமிழை மூடி, ஆறவிட்டு, மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, தேய்ந்து விரிந்துபோயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லா நேரமும் தீ உள்ளே இறங்கிவிடாமல் காப்பது துளையின் சிறுமை. ஒடுக்கமான உலோகத் துளையில் நுழையும் தீ, தன் சூட்டைச் சுற்றியுள்ள உலோகத்துக்குப் பறிகொடுத்து அணைந்துபோகும். இந்த உண்மைக்குப் பின்னால் ஒரு சோக வரலாறு இருக்கிறது. 1812 மே மாதம் இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 92 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. தொழிலாளர்கள் கையில் வைத்திருந்த விளக்கின் தீயே எமனாக வந்துகொண்டிருந்த காலம் அது. 1815-இல் ஹம்ஃப்ரி டேவி, சிறு துளைகள் வழியே தீ கடக்காது என்று கண்டு, விளக்கைச் சுற்றி நெருக்கமான கம்பி வலையைப் பொருத்தினார். சுரங்கத் தொழிலாளியைக் காத்த அதே உண்மை இன்று பித்தளை மூடியின் துளைகளில் வேலை செய்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று அளவு பொருந்தாத மூடியை வாங்கி மாட்டுவது இதனால்தான் கூடாது.

காற்றைத் திருத்தும் வேலையைச் சில அடுப்புகளில் நாமே பார்க்க முடியும். ஜெட்டுக்கு முன்னால், கலவைக் குழாயின் வாயில், சுழலும் ஒரு வளையமோ தட்டோ இருக்கும்; அதைத் திருப்பினால் காற்றுத் திறப்பு விரியும், ஒடுங்கும். பல அடுப்புகளில் திறப்பு மாற்ற முடியாதபடி இருக்கும். அங்கே துலக்குவது மட்டுமே நம் வேலை. வளையம் உள்ள அடுப்பானால், முதலில் சுத்தம் செய்து முடிக்க வேண்டும். அழுக்கைத் துலக்காமல் வளையத்தைத் திருப்புவது வீண். பிறகு பர்னரை முழுத் தீயில் எரியவிட்டுச் சில நிமிடம் சூடேறவிட வேண்டும். திருத்தும்போது குமிழை அணைத்து, சூடு ஆறியபின் வளையத்தைத் தொடுவது நல்லது. திறப்பைக் கொஞ்சம் ஒடுக்கி, சுடரின் நுனியில் மஞ்சள் எட்டிப்பார்க்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து சிறிது சிறிதாக விரித்துக்கொண்டே வந்து, மஞ்சள் மறையும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் விரித்தால் இன்னும் நல்ல நீலம் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் சுடர் துளையை விட்டு எழும்பத் தொடங்கும். பிறகு சிம்முக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். சிம்மிலும் எல்லாத் துளைகளிலும் தீ நின்று, சட்டென்று குமிழைத் திருப்பினாலும் அணையாமல் இருந்தால் சரி. சிம் தீ அடிக்கடி அணைகிறதென்றால் அது வால்வுக்குள் உள்ள சிறு வழியின் கோளாறு. அதைப் பழகிய மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும், கேஸ் கசியக்கூடிய பாகம் அது.

சுடர் சரியாகிவிட்டது, பாத்திரத்தை ஏற்றுகிறோம். இப்போது உட்கூம்புக்கும் பாத்திரத்தின் அடிக்கும் இடையே கொஞ்சமாவது இடம் இருக்க வேண்டும். கூம்பில் எரிதல் பாதிதான் முடிகிறது என்று பார்த்தோம். பாத்திரம் அந்தக் கூம்பைத் தொட்டால், பாதியில் நிற்கும் எரிதல் அப்படியே குளிர்ந்து உறைந்துவிடும். கார்பன் மோனாக்சைடு எரியாமலே வெளியேறும். கேஸ் மிச்சமாகும் என்று நம்பி, பாத்திரம் தாங்கும் கால்களைத் தட்டி வளைத்துத் தாழ்த்திக்கொள்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யவே கூடாது.

குளிர்ந்த தண்ணீர் நிறைந்த பாத்திரத்தை ஏற்றிய முதல் நிமிடத்தில் அதன் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்க்கலாம். ஓட்டையோ என்று பலர் தூக்கிப் பார்ப்பார்கள். அந்த நீர் கேஸிலிருந்து வந்தது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி உண்டாகிறது. ஒரு சிலிண்டர் எரிந்து முடிவதற்குள் நம் சமையலறைக்குள் 20 லிட்டருக்கும் மேலான தண்ணீரை ஆவியாக விட்டிருக்கும். கூடவே 40 கிலோவுக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு.

வீட்டு கேஸ் அடுப்புக்கான இந்தியத் தரம் வெப்பத்திறன் 68 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. சோதனைக்கூடத்தில், பொருத்தமான பாத்திரத்தில் கிடைக்கும் அளவு அது. சின்னக் கிண்ணத்தைப் பெரிய பர்னரில் வைத்து, சுடர் பக்கவாட்டில் ஏறி வழியும்போது அந்தக் கணக்கு செல்லாது. தண்ணீர் கொதித்த பின்னும் பெருந்தீ எரிந்தால் சூடு ஒரு டிகிரிகூட ஏறாது. பெரிய பர்னர் நிமிடத்துக்குச் சுமார் 30 மில்லி தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றும், அவ்வளவுதான். பருப்பு வேகும் வேகம் கொதிநிலையைப் பொறுத்தது, குமிழைப் பொறுத்ததல்ல. குக்கர் அந்தக் கொதிநிலையையே 120 டிகிரி அளவுக்கு உயர்த்துகிறது. அங்கேயும் விசில் வந்தபின் சிம் போதும் என்று அம்மாக்கள் சொல்வது இயற்பியல்படி சரியே.

நீலமாக எரிகிறதே என்று சன்னலை மூடிவைத்துவிடவும் கூடாது. நல்ல நீலச் சுடர் கார்பன் மோனாக்சைடை மிகவும் குறைக்கிறது. ஆனால் அதன் மிகுந்த சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. மூச்சுக்குழாயை உறுத்தும் வாயுக்கள் அவை. ஆஸ்துமா உள்ள குழந்தைகள் இருக்கும் வீட்டில் சமைக்கும்போது சன்னல் திறந்திருப்பதும் புகைபோக்கி விசிறி ஓடுவதும் அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சுடரே மஞ்சளாகப் புகையும் அடுப்பை மூடிய அறையில் எரிப்பதோ உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும்; நிறமும் இல்லை, மணமும் இல்லை.

நாம் "கேஸ் வாடை" என்று சொல்லும் அந்த நாற்றம் கேஸுடையது அல்ல; கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டன். புரொப்பேன் கழித்தல் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேன் ஏறக்குறைய 0 டிகிரியில், மெர்காப்டன் 35 டிகிரியில். ஆகவே சிலிண்டரில் எளிதில் ஆவியாவது முதலில் அதிகமாகத் தீர்ந்து, அடியில் பியூட்டேனும் மெர்காப்டனும் மிகுந்து தங்கும். சிலிண்டர் முடியும் நாட்களில் வாடை கூடுவதும், தீ சோர்ந்து லேசாக மஞ்சளிப்பதும் அதனால்தான். அப்போது வளையத்தைத் திருப்பக் கூடாது. புது சிலிண்டர் மாட்டினால் சுடர் தானே பழையபடி நிற்கும். ஊட்டியின் மார்கழிக் காலையில் வெளியே வைத்த சிலிண்டர் மந்தமாக இருப்பதும் பியூட்டேனின் இந்தக் கொதிநிலையால்தான்.

கேஸே மாறினால்தான் அடுப்பின் கணக்கு முழுவதையும் மாற்ற வேண்டும். நகரங்களில் இப்போது குழாய் வழியே இயற்கை எரிவாயு வீடுகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. அது பெரும்பாலும் மீத்தேன். ஒரு பங்கு மீத்தேனுக்கு 10 பங்குக்கும் சற்றுக் குறைவான காற்றே போதும். ஒரே கொள்ளளவில் அது தரும் வெப்பமும் சிலிண்டர் கேஸ் தருவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். சிலிண்டருக்கான ஜெட்டிலேயே குழாய் வாயுவை விட்டால் சுடர் பலவீனமாகத் துளையை விட்டு எழும்பும்; அதனால் இணைப்புத் தர வருபவர்கள் பெரிய துளையுள்ள ஜெட்டை மாட்டிவிட்டுப் போகிறார்கள். அதே அடுப்பை வீடு மாறும்போது எடுத்துப்போய் மறுபடி சிலிண்டரில் இணைத்தால், அகன்ற துளை வழியே மூன்று மடங்கு செறிவான கேஸ் கொட்டும். ஓரடி உயரத்துக்கு மஞ்சள் தீ எழும். ஜெட் மாற்றும் நாளில் பக்கத்தில் நின்று, கழற்றிய பழைய ஜெட்டுகளைக் கேட்டு வாங்கி, எது பெரிய பர்னருடையது எது சின்னதுடையது என்று எழுதி ஒரு உறையில் போட்டு, அடுப்பின் உத்தரவாத அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.